8 ஜிபி ரேம், எதையும் திறக்காமலே 70% காட்டுகிறது: புது ரேம் வாங்குவதா?

வஞ்சிப்பாளையம் (திருப்பூர்)

வணக்கமுங்க. வீட்டிலிருந்தே பனியன் கம்பெனிகளுக்குப் பிரிண்ட் டிசைன் போட்டுக் கொடுக்கிறேன். கம்ப்யூட்டர் ஐ3, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, விண்டோஸ் 11. காலையில் ஆன் செய்ததும், ஒரு செயலியைக்கூடத் தொடுவதற்கு முன்பே, டாஸ்க் மேனேஜரில் மெமரி 70% என்று நிற்கிறது. போட்டோஷாப்பும் குரோமும் திறந்தால் 95% தாண்டிவிடும். அதற்கப்புறம் மவுஸ் நகர்வதே தவணை முறையில்தான்.

கடையில் கேட்டால் "இன்னொரு 8 போட்டுக்கங்க அம்மணி, சரியாப் போயிரும்" என்கிறார்கள். ரேம் விலை இப்போது இருக்கிற இருப்பில் யோசனையாக இருக்கிறது. போன தீபாவளி வரைக்கும் இதே கம்ப்யூட்டர் இதே வேலையைச் சிரமமில்லாமல் செய்துகொண்டுதான் இருந்தது. தினமும் ராத்திரி ஷட்டவுன் செய்துவிடுகிறேன். வைரஸ் ஸ்கேனும் ஓட்டியாயிற்று, ஒன்றும் சிக்கவில்லை. காசு போடுவதற்கு முன் பார்க்க வேண்டியது ஏதாவது இருக்குங்களா?

பல்லடம் ரோடு

ரேம் கிளீனர் ஒன்று இறக்கிப் போடுங்க. பட்டனை அழுத்தினால் 70 இருப்பது 35 ஆகிவிடும். நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

நொய்யல்கரை (கோவை)

கிளீனர் வேண்டாங்க அக்கா. பல்லடம் அண்ணன் சொல்வது பொய் இல்லை, எண் குறையத்தான் செய்யும். எப்படிக் குறைகிறது என்று பார்த்தால்தான் அதில் இருக்கிற வேலை தெரியும். அந்த மாதிரி மென்பொருள், ஓடிக்கொண்டிருக்கிற ஒவ்வொரு செயலியிடமும் "கையில் இருக்கும் மெமரியை விடு" என்று விண்டோஸைச் சொல்ல வைக்கிறது. செயலிகளின் பக்கங்கள் (மெமரியின் சிறு துண்டுகள்) ரேமின் முன்வரிசையிலிருந்து தள்ளப்படுகின்றன, சில எஸ்எஸ்டியில் உள்ள பேஜ் ஃபைலுக்கே, அதாவது ரேமில் இடம் போதாததை விண்டோஸ் எழுதி வைக்கும் கோப்புக்கே, போய்விடும். நீங்கள் மறுபடி குரோமைத் தொட்டதும் அத்தனையும் திரும்பி வர வேண்டும். எண் குறைந்த அந்த அரை நிமிடம் சந்தோஷமாக இருக்கும், அடுத்த அரை நிமிடம் கம்ப்யூட்டர் முன்னைவிட மெதுவாக இருக்கும்.

உங்கள் விஷயத்தில் ஒரு சேதி எனக்கு உறுத்துகிறது. "எதையும் திறக்காமலே 70%" என்கிறீர்கள். 8 ஜிபியில் விண்டோஸ் 11 ஒன்றுமில்லாமல் 40 சதவீதம் சொச்சம் பிடித்தால் ஆச்சரியமில்லை. 70 என்றால் யாரோ உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். அது யார் என்று தெரியாமல் ரேம் வாங்கினால், அவர் அந்த 8 ஜிபியிலும் கால் நீட்டிக்கொள்வார்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. கீழே உள்ள எண்கள் எல்லாவற்றையும் அப்படியே இங்கே போடுங்கள். அப்படியே சிபியு பக்கத்துக்குப் போய் "அப் டைம்" என்ன காட்டுகிறது என்றும் சொல்லுங்கள்.

வஞ்சிப்பாளையம்

இந்தாங்க. காலையில் ஆன் செய்த கையோடு எடுத்தது:

இன் யூஸ் 5.5 ஜிபி. அவெய்லபிள் 2.3 ஜிபி. கமிட்டட் 9.6/12.4 ஜிபி. கேச்டு 2.0 ஜிபி. பேஜ்டு பூல் 410 எம்பி. நான்-பேஜ்டு பூல் 2.4 ஜிபி. ஸ்லாட் யூஸ்டு 1 ஆஃப் 2.

அப் டைம்தான் வேடிக்கை. இருபது நாளுக்கு மேல் ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறது. நேற்று ராத்திரிதானே அணைத்தேன்?

ப்ராசஸ் பட்டியலை மெமரி வாரியாக வரிசைப்படுத்தியும் பார்த்தேன். பெரியது என்று எதுவும் இல்லை. எல்லாவற்றையும் கூட்டினாலே இரண்டு ஜிபி சுமாருக்குத்தான் வருகிறது. மீதி எங்கே போச்சு?

மஞ்சள்மண்டி (ஈரோடு)

கேச்டு 2 ஜிபி இருக்கிறதே, அதை முதலில் காலி செய்ய வேண்டாமா? அதுவே பாதி பிரச்சினை போலத் தெரிகிறது. சிஸ்மெயின் என்று ஒரு சர்வீஸ் இருக்கும், அதை நிறுத்திவிடுங்கள்.

நொய்யல்கரை

மஞ்சள்மண்டி அண்ணா, கேச்டு என்பதை விட்டுவிடலாம். அது முன்பு படித்த கோப்புகளை, திரும்பத் தேவைப்பட்டால் கொடுப்பதற்காக, சும்மா கிடக்கும் ரேமில் வைத்திருப்பது. வேறு செயலி இடம் கேட்டால் அந்த நொடியே விட்டுவிடும். அக்கா போட்ட எண்ணிலேயே பாருங்கள், அவெய்லபிள் 2.3 என்பதற்குள்தான் அந்த கேச் கிட்டத்தட்ட முழுவதும் அடங்கியிருக்கிறது. ரேம் காலியாகக் கிடந்தால் மின்சாரம்கூட மிச்சமாகாது.

அக்கா, உங்கள் மீதி எங்கே போனது என்பது நீங்கள் போட்ட எண்ணிலேயே இருக்கிறது. நான்-பேஜ்டு பூல் 2.4 ஜிபி. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் அது சில நூறு எம்பியில் இருக்கும். அது கெர்னலும் (விண்டோஸின் மையப் பகுதி) டிரைவர்களும் (சாதனங்களை இயக்கும் மென்பொருள்கள்) பயன்படுத்துகிற இடம். பேஜ் ஃபைலுக்குத் தள்ளவே முடியாத மெமரி, அதனால்தான் அந்தப் பெயர். எந்தச் செயலியின் கணக்கிலும் அது வராது. நீங்கள் ப்ராசஸ் பட்டியலை எத்தனை தடவை கூட்டினாலும் சிக்காது. (அந்தப் பட்டியல் செயலிகள் பங்குபோட்டுக் கொள்ளும் மெமரியையும் சேர்க்காது, அதனால் கூட்டுத்தொகை எப்போதுமே கொஞ்சம் இடிக்கும். ஆனால் இரண்டு ஜிபிக்கு மேல் இடிக்காது.)

ஆக, ஏதோ ஒரு டிரைவர் மெமரியை வாங்கிக்கொண்டே இருக்கிறது, திருப்பிக் கொடுப்பதில்லை. மெமரி லீக்.

அடுத்து அப் டைம். விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் செயலிகளை மூடி, உங்களை லாக்அவுட் செய்துவிட்டு, கெர்னலையும் டிரைவர்களையும் மட்டும் அப்படியே டிஸ்கில் எழுதி வைத்துக்கொள்ளும். காலையில் அதையே எடுத்து ரேமில் போடும். சீக்கிரம் பூட் ஆவதற்காகச் செய்தது. ஆனால் டிரைவர் சேர்த்து வைத்த குப்பையும் அதோடு சேர்ந்து தூங்கி, சேர்ந்து எழுகிறது. நீங்கள் தினமும் அணைத்தும் கெர்னல் இருபது நாளாக அணையவே இல்லை.

ரீஸ்டார்ட் கொடுத்தால் அப்படி இல்லை, முழுக்கப் புதிதாக ஆரம்பிக்கும். இப்போதே ஒரு ரீஸ்டார்ட் செய்துவிட்டு நான்-பேஜ்டு பூல் எண்ணைச் சொல்லுங்கள்.

சோமனூர் தறி

அட, இது எனக்கே புதுசு. என் அப் டைம் அறுபது நாளைத் தாண்டியிருக்கிறது, நானும் தினமும் அணைக்கிற ஆள்தான்.

வஞ்சிப்பாளையம்

ரீஸ்டார்ட் செய்தேன். நான்-பேஜ்டு பூல் 270 எம்பி. இன் யூஸ் 3.3 ஜிபி, 42%. அட சாமி!

அப்ப ரேம் வேண்டாங்களா?

நொய்யல்கரை

பொறுங்க, நோய் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, காய்ச்சல் மட்டும்தான் இறங்கியிருக்கிறது. வழக்கமான வேலையைச் செய்யுங்கள், சாயங்காலம் அதே எண்ணைப் பார்த்துக் குறித்து வையுங்கள். ஏறியிருந்தால் மறுநாள் சந்தேகப்படும் சாதனம் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு அதையே செய்யலாம்.

தீபாவளிக்குப் பிறகு புதிதாக என்ன மாட்டினீர்கள்? பிரிண்டர், வெப்கேம், வைஃபை டாங்கிள், டேப்லட்? ஆன்டிவைரஸ் மாற்றினீர்களா? இவை எல்லாமே டிரைவரோடு வருபவை. அதில் நெட்வொர்க் சம்பந்தப்பட்டதை முதலில் சந்தேகிப்பேன்.

பூல்மான் என்று மைக்ரோசாஃப்டின் கருவி ஒன்று இருக்கிறது. அளவு வாரியாக வரிசைப்படுத்தினால் மெமரியை வாங்கிய டிரைவரின் நான்கெழுத்து டேக்கை மேலே காட்டும். அதற்கு டிரைவர் எழுதுகிறவர்களுக்கான கிட்டை இறக்க வேண்டும். வீட்டில் கழற்றிப் பார்ப்பதுதான் சுலபம்.

மஞ்சள்மண்டி

சிஸ்மெயின் விஷயத்தில் நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை தம்பி. என்னுடையது பழைய ஹார்ட் டிஸ்க் கம்ப்யூட்டர். அந்தச் சர்வீஸ் ஓடினால் டிஸ்க் 100 சதவீதத்திலேயே கிடக்கும். மண்டியில் ஏலம் முடிந்து விலையைப் போடுவதற்குள் எக்செல் திறக்காது. நிறுத்தினேன், ஆள் நிமிர்ந்துவிட்டது.

நொய்யல்கரை

ஹார்ட் டிஸ்க்கில் நீங்கள் சொல்வது நடக்கும்ங்க, மறுக்கவில்லை. சூப்பர்ஃபெட்ச் என்று விஸ்டாவில் வந்த அதே ஆசாமிதான் சிஸ்மெயின். நீங்கள் அடிக்கடி திறக்கும் செயலிகளை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைக்கப் பார்க்கும், அதற்கு டிஸ்க்கைப் படிக்க வேண்டும். ஆனால் நீங்கள் குறைத்தது டிஸ்க் வேலையை, ரேம் தட்டுப்பாட்டை இல்லை. அக்காவிடம் எஸ்எஸ்டி இருக்கிறது.

மஞ்சள்மண்டி

வேகமாச்சா இல்லையா என்பதுதான் எனக்குக் கணக்கு. சரி, விடுங்க.

பொள்ளாச்சி இளநீர்

இடையில் ஒரு கேள்வி. எனக்கு 16 ஜிபி. டாஸ்க் மேனேஜர் 4 ஜிபிக்கு மேல் அவெய்லபிள் என்று காட்டும்போதே "மெமரி போதவில்லை, செயலியை மூடுங்கள்" என்று விண்டோஸ் கத்துகிறது. இடம் இருக்கும்போது ஏன் இல்லை என்கிறது? யூடியூபில் பார்த்து பேஜ் ஃபைலை மட்டும் ஆஃப் செய்து வைத்திருக்கிறேன், 16 ஜிபிக்கு அது தேவையில்லை என்றார்கள்.

நொய்யல்கரை

கேள்வியிலேயே பதிலையும் கொண்டுவந்துவிட்டீர்கள்.

கமிட்டட் என்று இரண்டு எண் வரும், 9.6/12.4 என்று அக்காவுக்கு வந்த மாதிரி. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுதான் கமிட். செயலி "எனக்கு இவ்வளவு வேண்டும்" என்று துண்டைப் போட்டுவிடும், உட்காருவது அப்புறம்தான், சில சமயம் உட்காரவே உட்காராது. ஆனாலும் துண்டு கிடக்கிற சீட்டை விண்டோஸ் வேறு யாருக்கும் தராது. இரண்டாவது எண் மொத்த சீட்டு, அதாவது ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்தது. நீங்கள் பேஜ் ஃபைலை எடுத்ததால் மொத்த சீட்டு ரேம் அளவோடு நின்றுவிட்டது. எல்லா சீட்டிலும் துண்டு விழுந்ததும் அடுத்து வருபவருக்கு இடமில்லை, உள்ளே பாதி சீட்டு காலியாகத் தெரிந்தாலும்.

பேஜ் ஃபைலைத் தானியங்கிக்கே விட்டுவிடுங்கள். விண்டோஸ் தேவைக்குத் தக்கபடி பெரிதாக்கிக்கொள்ளும்.

பொள்ளாச்சி இளநீர்

போட்டாச்சு, கத்தல் நின்றது. நன்றிங்க.

பல்லடம் ரோடு

நம் ஊர் டவுன் பஸ்ஸில் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்காருகிறவர்களும் உண்டு, அதற்கு விண்டோஸில் வழி இல்லையா? :)

நொய்யல்கரை

அதற்குத்தான் லினக்ஸ் என்கிற வேறு இயங்குதளம் :) அங்கே இருக்கிற சீட்டைவிட அதிகமாகத் துண்டு போட விடுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார வந்தால் கெர்னலே ஒருவரைப் பிடித்து இறக்கிவிடும்.

வஞ்சிப்பாளையம்

சேதி இருக்குங்க. முதல் நாள் சாயங்காலம் 270 இருந்தது 390 எம்பி ஆகியிருந்தது. புதிதாக மாட்டியது என்று யோசித்ததில், மாடிக்குக் கம்ப்யூட்டரை மாற்றியபோது வாங்கிய வைஃபை டாங்கிள்தான். கூடவே வந்த குட்டி சிடியிலிருந்து டிரைவர் போட்டார்கள். மறுநாள் அதைக் கழற்றிவிட்டு போன் ஹாட்ஸ்பாட்டை யுஎஸ்பி கேபிளில் மாட்டி நாள் முழுக்க வேலை செய்தேன். சாயங்காலம் 275. மறுபடி டாங்கிளை மாட்டினால் ஏறுகிறது. அதிலும் பெரிய டிசைன் ஃபைல் கம்பெனிக்கு அனுப்பும்போது கண்ணெதிரே ஏறுகிறது.

நொய்யல்கரை

அவன்தான். இரண்டு வழி. டிவைஸ் மேனேஜரில் அந்த டாங்கிளை அன்இன்ஸ்டால் செய்யும்போது டிரைவரையும் நீக்கச் சொல்லி டிக் போட்டுவிட்டு, ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் அப்டேட் தருகிற டிரைவரோடு ஓட்டிப் பாருங்கள். அதிலும் ஏறினால் டாங்கிளைத் தூக்கிப் போட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து ஒரு நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள். பெரிய ஃபைல் அனுப்புகிறவருக்கு கேபிள்தான் எப்படியும் நல்லது.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்திவிடலாம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்கிற பக்கத்தில் இருக்கும். எஸ்எஸ்டி இருப்பதால் பூட் ஆவதில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள், ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால் அந்த ஒரு தடவை முழுக்க அணையும்.

இனி உங்கள் வேலைக்கு வருவோம். எந்த அளவு டிசைன் போடுகிறீர்கள்?

வஞ்சிப்பாளையம்

நெஞ்சுப் பிரிண்ட் 14க்கு 18 இன்ச், 300 டிபிஐ. லேயர் பதினைந்து இருபது வரும். கலர் பிரித்துக் கொடுக்கும்போது சேனல்கள் தனி. ஃபைல் என்னவோ ஐம்பது அறுபது எம்பிதான் இருக்கும், ஆனால் போட்டோஷாப் 3 ஜிபி சாப்பிடுகிறது. அதுவும் லீக்குங்களா?

நொய்யல்கரை

இல்லைங்க, அது நியாயமான பசி. டிஸ்கில் இருக்கும் ஃபைல் சுருக்கி வைத்தது. திறந்ததும் ஒவ்வொரு புள்ளியும் விரித்து வைக்கப்படும். 14 இன்ச் 300 டிபிஐ என்றால் 4200 புள்ளி, 18 இன்ச் 5400 புள்ளி. பெருக்கினால் 2 கோடியே 26 லட்சத்து 80 ஆயிரம். ஒரு புள்ளிக்கு 4 பைட். முழுக்க நிரம்பிய ஒரு லேயருக்குச் சுமார் 90 எம்பி. பதினைந்து லேயர் அப்படி இருந்தால் 1.3 ஜிபியைத் தாண்டுகிறது. அதற்கு மேல் அன்டூ செய்வதற்காகப் பழைய நிலைகளை வேறு வைத்திருக்க வேண்டும். கலர் பிரித்த சேனல் ஒன்றுக்குப் புள்ளிக்கு ஒரு பைட்தான், அது 23 எம்பியோடு போய்விடும். ஆகவே சேனலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், லேயரைத்தான் பார்க்க வேண்டும். முடிவான லேயர்களை ஒன்றாக்கிவிடுங்கள், மூலத்தை வேறு பெயரில் சேமித்துவிட்டு.

போட்டோஷாப் ப்ரிஃபரன்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில், இருக்கிற ரேமில் 70% வரை எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கும். குரோமும் சேர்ந்து ஓடும் 8 ஜிபியில் அதைக் கொஞ்சம் குறைத்து வைக்கலாம். அன்டூவுக்காக எத்தனை பழைய நிலைகளை வைத்திருக்க வேண்டும் என்கிற ஹிஸ்டரி ஸ்டேட்ஸ் எண்ணையும் குறையுங்கள்.

குரோமில் செட்டிங்ஸுக்குப் போய் பெர்ஃபார்மன்ஸில் மெமரி சேவரைப் போடுங்கள். தொடாத டேப்களின் மெமரியை விடுவித்துவிடும், திரும்பக் கிளிக் செய்தால் மறுபடி லோட் ஆகும். ஃபாரம் பாதி நிரப்பி வைத்திருக்கும் தளம் இருந்தால் அதை விதிவிலக்கில் சேர்த்துவிடுங்கள். எந்த டேப் எவ்வளவு பிடிக்கிறது என்று பார்க்க, குரோமுக்குள்ளேயே ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் அதற்கென்று ஒரு டாஸ்க் மேனேஜர் வரும். குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓடும் வசதியை சிஸ்டம் பகுதியில் அணைத்துவிடுங்கள்.

வஞ்சிப்பாளையம்

ஜிஎஸ்டி, இ-வே பில் டேப்களை வீட்டுக்காரர் காலையிலிருந்து திறந்தே வைத்திருப்பார்.

மஞ்சள்மண்டி

அது எப்படியும் சும்மா இருந்தால் லாக்அவுட் ஆகிவிடும் அம்மணி, திறந்து வைத்து என்ன பலன்? புக்மார்க் போட்டுக் கொடுங்க.

சோமனூர் தறி

ரேம் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். தறி ஓடும் வீடு, பஞ்சுத் தூசி எங்கே பார்த்தாலும். என் கம்ப்யூட்டரில் இரண்டு ஸ்டிக் போட்டும் திடீரென்று 4 ஜிபி மட்டும் காட்டியது. ஒரு ஸ்டிக்கின் தங்க நிறக் காண்டாக்டில் தூசி. கரண்டைப் பிடுங்கிவிட்டு, கேபினட் இரும்பைத் தொட்டுக் கையில் இருக்கும் ஸ்டாட்டிக்கை இறக்கிவிட்டு, ஸ்டிக்கை எடுத்துப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, இரண்டு பக்கக் கிளிப்பும் "டிக்" என்று விழும் வரை அழுத்தினேன். 8 ஜிபி திரும்பி வந்தது. அந்த ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வஞ்சிப்பாளையம்

நம் வீட்டிலும் அதே பஞ்சுதானுங்க. திறந்து பார்க்கிறேன்.

கேபிள் இழுத்தாயிற்று. சிடி டிரைவரை எடுத்துவிட்டுப் புதியதோடு டாங்கிளை ஓட்டியபோதும் கொஞ்சம் ஏறியதுபோல இருந்தது, அதனால் டாங்கிளையே விட்டுவிட்டேன். ஒரு வாரமாக நான்-பேஜ்டு பூல் 300ஐத் தாண்டவில்லை. ஆன் செய்ததும் 41, 42%. போட்டோஷாப்பில் ஒரு டிசைன், குரோமில் ஏழெட்டு டேப் திறந்தால் 78% வரை போகிறது, ஆனால் நிற்பதில்லை, சுணங்குவதும் இல்லை. இரண்டு பெரிய டிசைனைச் சேர்த்துத் திறந்தால் மட்டும் 90ஐத் தொடுகிறது.

நொய்யல்கரை

78% பயப்பட வேண்டிய எண்ணே இல்லைங்க. அவெய்லபிள் அரை ஜிபிக்குக் கீழே போய், டிஸ்க் விளக்கு விடாமல் எரிந்தால் மட்டும் தட்டுப்பாடு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு டிசைனைச் சேர்த்துத் திறக்கும் வேலை அடிக்கடி இருந்தால் ரேம் வாங்குவது வீண் இல்லை. காலி ஸ்லாட் ஒன்று இருக்கிறது. அதே அளவு, அதே வேகத்தில் இன்னொன்று போட்டால் டூயல் சேனலில், அதாவது இரண்டு ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தி, ஓடும், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால் திரையும் கொஞ்சம் லகுவாகும். வாங்கும் முன் இருக்கிற ரேமின் வகை டிடிஆர்4ஆ, டிடிஆர்5ஆ என்று ஸ்டிக்கரைப் பார்த்துவிடுங்கள். ஒன்றின் வெட்டு மற்றதன் ஸ்லாட்டில் பொருந்தாது. 2025 கடைசியிலிருந்து செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால்தான் இந்த விலை. அவசரம் இல்லையென்றால் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஸ்டிக்கை, கடையிலேயே மாட்டி மெமரி டெஸ்ட் ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கலாம்.

கோபி வாய்க்கால்

நானும் கேட்டுவிடுகிறேன். 2013 வாக்கில் வாங்கிய லேப்டாப், 4 ஜிபி, விண்டோஸ் 10. சிஸ்டம் பக்கத்தில் "2.9 ஜிபி யூசபிள்" என்கிறது. மீதி 1 ஜிபி எங்கே?

நொய்யல்கரை

அதே பக்கத்தில் 32-பிட் என்று இருக்கிறதா பாருங்கள். 32-பிட் விண்டோஸால் மொத்தம் 4 ஜிபி முகவரிக்கு மேல் பேச முடியாது, அதிலும் கிராபிக்ஸ் போன்ற சாதனங்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கியாக வேண்டும். அந்தக் காலத்து ப்ராசஸர் பெரும்பாலும் 64-பிட்தான், 64-பிட் சிஸ்டம் போட்டால் மீதியில் பெரும்பகுதி திரும்பி வரும்.

ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்த லேப்டாப்பை விண்டோஸ் 11 ஏற்காது. லினக்ஸ் மின்ட்டின் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பிடித்திருந்தால் இசட்ரேமையும் இயக்கிக்கொள்ளலாம், அது பழைய பக்கங்களை டிஸ்கில் தள்ளாமல் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும். அங்கே போய் "ஃப்ரீ" என்று கட்டளை கொடுத்துவிட்டு ஃப்ரீ என்ற பத்தியைப் பார்த்துப் பதறாதீர்கள், கடைசியில் உள்ள அவெய்லபிள்தான் உங்களுக்கான எண்.

கோபி வாய்க்கால்

32-பிட்தானுங்க. ஞாயிற்றுக்கிழமை பென்டிரைவில் போட்டுப் பார்க்கிறேன். கணக்கு எழுதுகிற டேலி அதில் ஓடுமா?

நொய்யல்கரை

அது விண்டோஸுக்கான மென்பொருள். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட வைக்கும் வைன் மூலம் ஓட்டுகிறவர்கள் உண்டு, கணக்கு விஷயத்தில் நான் அதை நம்பமாட்டேன். டேலி வேண்டுமென்றால் 64-பிட் விண்டோஸ் 10லேயே வைத்து, நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, கணக்குக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பேக்கப் தினமும் பென்டிரைவில்.